பல பாஸ்போர்ட், ஒரே பாதை

பாரிஸுக்குத் தெற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில், ஃபோன்டேன்ப்ளோ காட்டின் ஓரத்தில் இருக்கிறது இன்சியாட் வணிகப் பள்ளி. அங்கே எம்.பி.ஏ. படிப்பு பத்தே மாதம். கட்டணம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, பத்து மாதம் கைவிட்டுப்போகும் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். இவ்வளவு கொடுத்து அங்கே கற்பது என்ன என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தை எடுத்துக் காட்டினால் போதாது. ஒரு முதலீடு பணம் தருமா என்று கணக்கிடுவது, இருப்புநிலைக் குறிப்பைப் படிப்பது, சந்தையைப் பிரித்து விலை வைப்பது போன்றவற்றைச் சென்னையிலும் கோழிக்கோட்டிலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் கற்பிக்கிறார்கள். இந்த அறிவு பயனற்றது என்பதல்ல. நிக்கலஸ் புளூமும் சகாக்களும் மும்பையை அடுத்த துணி ஆலைகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, பழுதைப் பதிவுசெய்வது, நூல் இருப்பைக் கணக்கெடுப்பது, இயந்திரப் பராமரிப்புக்கு நாள் குறிப்பது போன்ற எளிய நடைமுறைகளே முதலாண்டில் உற்பத்தித்திறனை 17 சதவீதம் உயர்த்தின என்று காட்டியது. ஆனால் அந்த ஆலைகளுக்கு அதைக் கற்றுத்தர யாரும் பட்டம் கொடுக்கவில்லை. ஆலோசகர்கள் ஆலைக்குள் நின்றே கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே இந்தப் பள்ளி தரும் தனிச்சிறப்பான பொருள் வேறு ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும். வகுப்பில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அந்தப் பொருள் என்று கருதுகிறேன். எந்த நாட்டவரும் பெரும்பான்மை இல்லாத அறையில் வேலை செய்யப் பழகுவதுதான் இப்பள்ளியின் உண்மையான பாடம். அது வலுவான பாடம் என்பதற்குச் சான்று உண்டு. அந்தப் பாடத்தின் வலுவை இன்றைய சேர்க்கைப் பாதையே குறைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததல்ல. இன்சியாட் பிறந்தது 1957இல், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில். திட்டத்தின் மூளை ஜார்ஜ் டோரியோ. பாரிஸில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பல்லாண்டு கற்பித்தவர்; போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் துணிகர முதலீட்டுத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். 1930இலேயே பாரிஸ் வணிகச் சங்கத்தின் துணையோடு பிரெஞ்சு நிர்வாகிகளுக்கான பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்க உதவியவர். அவரிடம் ஹார்வர்டில் படித்த கிளோட் ஜான்சென், ஒலிவியே ஜிஸ்கார் தெஸ்தேங் ஆகியோர் இப்பள்ளியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் வகுப்பு 1959இல் கூடியபோது சொந்தக் கட்டடம் இல்லை. 1814இல் நெப்போலியன் முடிதுறந்த அதே ஃபோன்டேன்ப்ளோ அரண்மனையின் ஒரு பகுதியில் பாடம் நடந்தது. காட்டோரத்து வளாகத்துக்கு 1967இல்தான் இடம்பெயர்ந்தார்கள். பெண்களைச் சேர்த்துக்கொண்டதும் அதே ஆண்டிலிருந்துதான். தொடக்கத்தில் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் மூன்றிலும் பாடம் நடந்தது. போர் முடிந்து பதினான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரெஞ்சு இளைஞரும் ஜெர்மன் இளைஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தொழிற்சாலையின் கணக்கைப் பிரித்துப் பேச வேண்டும். அதுவும் ஒருவர் மற்றவரின் மொழியில். நிறுவனர்கள் இதை ஒரு பக்கப் பலனாக நினைக்கவில்லை. பொதுச் சந்தை ஒன்று வரப்போகிறது, அதை நடத்தத் தேசிய எல்லையைத் தாண்டிச் சிந்திக்கும் மேலாளர்கள் வேண்டும் என்பதே அவர்களின் கணிப்பு.

அக்காலத்து ஐரோப்பாவில் வேறு பாதைகளும் இருந்தன. லோசானில் நெஸ்லே 1957இல் தன் நிர்வாகிகளை மனத்தில் வைத்து ஒரு பள்ளியைத் தொடங்கியது. ஜெனீவாவில் அலுமினிய நிறுவனமான அல்கான் 1946இல் தொடங்கிய பள்ளியோடு அது 1990இல் இணைந்து ஐ.எம்.டி. ஆயிற்று. பார்சிலோனாவின் ஐ.இ.எஸ்.இ. 1964இல் ஹார்வர்டின் ஆலோசனையோடு இரண்டாண்டு எம்.பி.ஏ.வைத் தொடங்கியது. லண்டன் வணிகப் பள்ளி, பிரிட்டிஷ் தொழில்துறையின் பின்தங்கலைப் பற்றிய கவலையிலிருந்து, ஃபிராங்க்ஸ் பிரபுவின் அறிக்கையை ஒட்டிப் பிறந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் பணம் இக்காலத்தில் ஐரோப்பிய மேலாண்மைக் கல்விக்குப் பாய்ந்தது. அதே பணம்தான் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நம் ஐ.ஐ.எம்.கள் எழவும் உதவியது. ஆனால் ஐ.ஐ.எம்.கள் ஒரு தேசத்துக்கான மேலாளர்களை உருவாக்கப் புறப்பட்டவை. அமெரிக்கப் பள்ளிகளிலும் உள்நாட்டவரே பெரும்பான்மை. இன்சியாட், ஐ.எம்.டி. போன்றவற்றில் அப்படி ஒரு உள்நாட்டுப் பெரும்பான்மை கிடையாது. பிரான்ஸில் இருக்கும் பள்ளியில் பிரெஞ்சுக்காரரும் சிறுபான்மை. இன்சியாட்டின் ஓராண்டு எம்.பி.ஏ. வகுப்புகளில் எண்பது, தொண்ணூறு நாட்டவர்கள் இருப்பது வழக்கம்; எந்த நாடும் ஓங்கிவிடாமல் பள்ளி கவனித்துக்கொள்கிறது. மொழிக் கொள்கை காலப்போக்கில் தளர்ந்து ஆங்கிலமே வகுப்பு மொழியாகிவிட்டாலும், இந்த எண்ணிக்கை விதியை மட்டும் பள்ளி விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த விதி வேலை செய்யும் இடம் படிப்புக் குழு. முதல் பருவங்களில் ஒவ்வொரு மாணவரும் ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் வைக்கப்படுகிறார். யாரோடு யார் என்பதைப் பள்ளிதான் முடிவுசெய்கிறது. நாடு, முன்பு பார்த்த வேலை, ஆண் பெண் ஆகிய எல்லாவற்றையும் கலந்து வைக்கிறது. மதிப்பெண் ஒப்பீட்டு முறையில் இருப்பதால் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண் கிடைக்க வழியில்லை. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய நிதிப் பயிற்சி ஒன்றை வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணி. ஒருவர் தயாரித்த கணக்குத்தாளில் வட்டி வீதம் தவறான கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. கீழே உள்ள எல்லா எண்ணும் அதனால் தவறு. கண்டுபிடித்தவர் அதை எப்படிச் சொல்வது? நெதர்லாந்தில் வளர்ந்தவர் எல்லோர் முன்னிலையிலும் "இது தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதை மரியாதைக் குறைவாக நினைக்கமாட்டார். ஜப்பானிய அலுவலகத்தில் ஆறாண்டு வேலை பார்த்தவருக்கு அது கூட்டம் முடிந்து தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. முறையை முதலில் பேசி முடிக்காமல் எண்ணைத் தொடக்கூடாது என்பார் ஒருவர். எண்ணைப் போட்டுப் பார்த்தால் முறை தானே தெரியும் என்பார் இன்னொருவர். இப்பள்ளிப் பேராசிரியர் எரின் மேயர் 2014இல் எழுதிய நூலில் இவ்வகை வேறுபாடுகளை எட்டு அளவுகோல்களாகத் தொகுத்தார். அந்த அளவுகோல்கள் சராசரிகள்தான். தனிமனிதர் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆனால் அந்த இரவு பத்து மணிக் குழுவில் ஒன்று உறுதி: தன் ஊர் வழக்கமே இயல்பான வழக்கம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி யாருக்கும் இல்லை. ஒவ்வொருவரும் தன் நடைமுறையை விளக்கவேண்டியிருக்கிறது, விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பான்மை இல்லாமை உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா, அல்லது விளம்பரப் படத்துக்கு மட்டும் உதவுகிறதா? கிறிஸ்டஃபர் எர்லியும் எலைன் மொசகோவ்ஸ்கியும் 2000இல் வெளியிட்ட பன்னாட்டுக் குழுக்கள் பற்றிய ஆய்வு இங்கே நேரடியாகப் பொருந்தும். ஒரே பின்னணி கொண்ட குழுக்கள் நன்றாக இயங்கின. மிகவும் கலவையான குழுக்களும் காலப்போக்கில் நன்றாக இயங்கின. இடையில் இருந்தவை, அதாவது இரண்டு மூன்று தொகுதிகளாகப் பிரிந்து கிடந்தவை, தடுமாறின. மிகக் கலவையான குழுவில் ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாததால் அவர்கள் தமக்கென்று புதிய பொது நடைமுறை ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. டோரா லாவும் கீத் மர்னிகனும் 1998இல் முன்வைத்த பிளவுக்கோட்டுக் கருத்தும் இதை ஒட்டியதே: வேறுபாடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி விழும்போதுதான் குழு உடைகிறது, குறுக்கும் நெடுக்குமாகக் கலந்து கிடந்தால் உடைவதில்லை. வில்லியம் மாடக்ஸும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அருகே வருகிறது. பத்து மாத எம்.பி.ஏ. வகுப்பு ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து, பிற பண்பாடுகளோடு உண்மையாகவே நெருங்கிக் கற்றுக்கொண்டவர்களின் சிந்தனை, மாறுபட்ட கோணங்களைச் சேர்த்துப் பார்க்கும் ஆற்றலில் வளர்ந்ததையும், அவர்களுக்கு வேலை அழைப்புகள் கூடுதலாக வந்ததையும் அது கண்டது. இதில் கவனிக்கவேண்டிய ஒரு சொல் "நெருங்கி" என்பது. ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை; வேற்று மனிதரின் வாழ்க்கைக்குள் கொஞ்சமாவது போனதற்குத்தான் கிடைத்தது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, பொருளியலாளர்களுடையது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கியபடி, பட்டம் என்பது ஒருவரின் திறமையை வேலை கொடுப்போருக்கு அறிவிக்கும் சமிக்ஞையாக மட்டும் இருக்கலாம். ஜிமேட் தேர்வு, கட்டுரைகள், முன்னாள் மாணவர்கள் நடத்தும் நேர்காணல்கள் என்று பல சல்லடையில் சலித்து எடுத்த முப்பது வயதுக்காரர்கள் அந்தப் பத்து மாதத்தை எங்கே கழித்திருந்தாலும் முன்னேறியிருப்பார்கள், இதில் வகுப்பறைக்கு என்ன வேலை என்பது வாதம். ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002இல் அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்ப்பதுபோல் இருக்கிறது: ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுள், கடுமையாகத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிக்குப் போனவரும் போகாதவரும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவே சம்பாதித்தார்கள். லாரன் ரிவேரா 2015இல் எழுதிய நூலும் உயர் ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் ஒரு குறுகிய பள்ளிப் பட்டியலிலிருந்தே ஆள் எடுப்பதையும், நேர்காணலில் தங்களைப் போன்றவர்களையே விரும்புவதையும் விரிவாகக் காட்டுகிறது. இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. பட்டம் கதவைத் திறக்கிறது; கதவைத் திறந்தது பட்டத்தின் பெயர்தான்.

மற்றப் பாதிக்குப் பதில், சக மாணவர்கள் தற்செயலாக ஒதுக்கப்பட்ட இடங்களில் செய்த ஆய்வுகளில் கிடைக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் முதலாண்டு மாணவர்கள் தாமே தேர்ந்தெடுக்காத பிரிவுகளில் வைக்கப்படுகிறார்கள். பட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், சமிக்ஞையும் ஒன்றுதான். மாறுவது பக்கத்தில் உட்காருபவர் மட்டுமே. கெல்லி ஷூ 2013இல் காட்டியபடி, ஒரே பிரிவில் படித்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் வேறுவேறு நிறுவனங்களின் தலைமைக்கு வந்தபோதும், அவர்களின் சம்பளமும் நிறுவனங்களை வாங்கும் போக்கும் மற்றவர்களைவிட ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருந்தன. ஜோஷ் லெர்னரும் உல்ரிகே மால்மெண்டியரும் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முன்பே தொழில் தொடங்கி நடத்தியவர்கள் அதிகம் இருந்த பிரிவுகளிலிருந்து, தோற்றுப்போகும் தொழில்களைத் தொடங்குவோர் குறைவாக வந்தார்கள். அடிபட்டு வந்த தோழர் ஒருவர் "இந்தத் திட்டம் எழாது" என்று நேருக்கு நேர் சொல்லக்கூடியவராக வகுப்பில் இருந்தது பலன் தந்திருக்கிறது. ஆக, சமிக்ஞைக்கு அப்பால் வகுப்பறை ஏதோ ஒன்றைக் கடத்துகிறது. ஆனால் கடத்தியது எது என்று பாருங்கள். பக்கத்தில் இருந்தவர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தார் என்பதல்ல. அவர் எந்தப் பாதையில் வந்தார், எதில் அடிபட்டார் என்பது. டேல், குரூகர் ஆய்விலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கல்லூரிகள் வருமானத்தில் தெளிவான வேறுபாட்டை உண்டாக்கின. வேற்றுப் பாதையில் வந்தவரால் வகுப்புக்கும் ஆதாயம், வகுப்பால் அவருக்கும் ஆதாயம்.

இந்த இடத்தில்தான் பள்ளியின் சொந்த ஏற்பாடு தனக்கே எதிராகத் திரும்புகிறது. ஜேன் மார்சோ இன்சியாட் பட்டதாரிகளின் முதல் இருபது ஆண்டுத் தலைமுறையை ஆராய்ந்து 1989இல் எழுதிய நூலுக்கு "குடும்பத் தொழிலா?" என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பன்னாட்டு மேட்டுக்குடி என்று தெரிந்த அந்த வகுப்பினர் பெரும்பாலும் தத்தம் நாட்டின் தொழில், வணிகக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதே அவர் கண்டது. இன்று குடும்பச் செல்வத்தின் இடத்தை ஓரளவு வேலை அனுபவம் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வேலையும் ஒரு குறுகிய வட்டத்தில்தான் கிடைக்கிறது: ஆலோசனை நிறுவனம், வங்கி, பெரிய தொழில்நுட்ப நிறுவனம், நுகர்பொருள் பன்னாட்டு நிறுவனம். லாகோஸிலிருந்து வந்தவரும் லிமாவிலிருந்து வந்தவரும் ஒரே ஆலோசனை நிறுவனத்தின் இரண்டு கிளைகளில் ஒரே மாதிரி விளக்கப்படம் தயாரித்துப் பழகியவர்களாக இருக்கலாம். ஆங்கில வழிக் கல்வி, நாட்டின் முதல் வரிசைப் பல்கலைக்கழகம், ஐந்தாறு ஆண்டு பெருநிறுவனப் பணி, தேர்வுப் பயிற்சி, விண்ணப்ப ஆலோசகர் என்று ஒரே படிக்கட்டு எல்லா நாட்டிலும் போடப்பட்டிருக்கிறது. அதில் ஏறி வந்த தொண்ணூறு நாட்டவரை ஒன்றாக உட்காரவைத்தால் உணவும் திருவிழாவும் பலவாக இருக்கும். சம்பளம் வாங்குபவர், கடன் வாங்குபவர், ஆலையில் நிற்பவர் ஆகியோரைப் பற்றிய அனுமானங்கள் ஒன்றாகவே இருக்கும்.

பாதை உள்ளே வரும்போது மட்டும் குறுகுவதில்லை, வெளியே போகும்போதும் குறுகுகிறது. வெளிநாட்டு மாணவருக்குப் பிரான்ஸில் கடன் வரலாறு கிடையாது. உள்ளூர் வங்கி கடன் தராது. சொந்த நாட்டு வங்கி அடமானம் கேட்கும். இந்த இடைவெளியை நேரில் அனுபவித்த இன்சியாட் மாணவர்கள் சிலர்தான் 2007இல் பிராடிஜி ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடமானத்துக்குப் பதிலாக மாணவரின் எதிர்கால வருமானத்தைக் கணித்துக் கடன் கொடுப்பது அதன் வழி. சொத்தில்லாதவருக்கும் கதவு திறந்தது என்ற அளவில் இது பெரிய நன்மை, இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் எதிர்கால வருமானத்தின் பேரில் வாங்கிய கடன் அந்த வருமானத்தைத் தேடியே ஆளை ஓட்டுகிறது. ஜெஸ்ஸி ராத்ஸ்டீனும் சிசிலியா ரவுஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர் கடன் பட்டதாரிகளை அதிகச் சம்பள வேலைகளை நோக்கியும் சம்பளம் குறைந்த பொதுநல வேலைகளிலிருந்து விலக்கியும் தள்ளுகிறது என்று காட்டியது. இன்சியாட்டில் அண்மை ஆண்டுகளில் வகுப்பில் ஏறக்குறையப் பாதிப்பேர் மேலாண்மை ஆலோசனைத் துறைக்கே போகிறார்கள். அதில் கணிசமானவர்கள் அங்கிருந்தே வந்தவர்கள், தங்கள் நிறுவனமே கட்டணம் கட்ட வந்தவர்கள். தேர்ந்தெடுப்பவர், கற்பவர், வேலை கொடுப்பவர் மூவரும் ஒரே துறையாகிவிடும்போது, வகுப்பறையில் எதிர்க்குரல் எங்கிருந்து வரும்?

பாதையையும் கலக்க வேண்டும் என்பதை ஏற்காதவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பத்து மாதம் என்பது குறுகிய காலம். பொது மொழியும் பொதுப் பயிற்சியும் இருப்பதால்தான் முதல் வாரத்திலேயே குழு வேலையைத் தொடங்க முடிகிறது. நாடும் வேறு, தொழிலும் வேறு, வர்க்கமும் வேறு என்றால் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளவே பாதிக் காலம் போய்விடும், பிளவுக்கோடுகள் ஆழமாகும். இதற்குப் பதிலைப் பிளவுக்கோட்டு ஆய்வே தருகிறது. ஏழை நாட்டிலிருந்து வருபவர் எல்லாரும் எளிய குடும்பத்தவர், பணக்கார நாட்டிலிருந்து வருபவர் எல்லாரும் செல்வந்தர் என்று வேறுபாடுகளை அடுக்கினால் வகுப்பு உடையும், உண்மை. ஒரு பிரெஞ்சு ரயில்வே தொழிலாளியின் மகளும் ஒரு பிரேசில் மருத்துவமனையை நடத்திய செவிலியரும் இந்தோனேசியக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்காளரும் வழக்கமான ஆலோசகர்களோடும் வங்கியாளர்களோடும் கலந்து உட்காரும்போது வேறுபாடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தொடக்கத்தில் தாமதம் ஆகும். எர்லி, மொசகோவ்ஸ்கியின் குழுக்களுக்கும் ஆயிற்று. 1959இல் மூன்று மொழியில் பாடம் நடத்தியவர்கள் அந்தத் தாமதத்தைத் தெரிந்தே ஏற்றார்கள். அன்று எளிதாக இருப்பதுதான் நோக்கம் என்றால் ஒரே மொழிப் பள்ளி தொடங்கியிருப்பார்கள்.

வகுப்பின் ஒரே மாதிரிப் பார்வை வகுப்போடு நின்றுவிடுமானால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. டாரன் அசெமோக்லு, அலெக்ஸ் ஹே, டேனியல் ல மேர் ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க, டேனிஷ் நிறுவனங்களைப் பின்தொடர்ந்தது. வணிகப் பட்டம் இல்லாத மேலாளர் போய் வணிகப் பட்டம் பெற்றவர் தலைமைக்கு வந்தபின் ஐந்தாண்டில் ஊழியர் சம்பளம் அமெரிக்காவில் 6 சதவீதமும் டென்மார்க்கில் 3 சதவீதமும் குறைந்தது. உற்பத்தியோ முதலீடோ விற்பனையோ அதற்கு ஈடாகக் கூடியதற்கு அறிகுறி இல்லை. நிறுவனம் ஈட்டும் ஆதாயத்தை ஊழியரோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தேய்ந்திருந்தது. இந்த ஆய்வு வணிகப் பட்டம் பெற்ற எல்லோரையும் பற்றியது. தேர்ந்தெடுத்த பன்னாட்டுப் பள்ளிகளை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் இன்சியாட்டின் தலையில் இந்தக் கணக்கை நேராக ஏற்ற முடியாது. ஆனால் அது சுட்டும் குறை இங்கே பேசும் குறையே. சம்பளப் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் ஊழியரைப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையில் கேள்வி கேட்கப்படாமல் போகிறது, ஏனென்றால் அந்த வரியாக வாழ்ந்தவரின் வீட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே மிகச் சிலர்.

இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அந்த வகுப்பறைகளிலேயே கற்பித்த இந்தியர். கல்கத்தாவில் பிறந்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் வேலை பார்த்து, இன்சியாட்டிலும் பிறகு லண்டன் வணிகப் பள்ளியிலும் பேராசிரியராக இருந்து, ஹைதராபாத் ஐ.எஸ்.பி. வணிகப் பள்ளியின் முதல் டீனாகவும் இருந்தவர் சுமந்திர கோஷல். அவர் ஒரு புகழ்பெற்ற உரையில் கோடைகாலக் கல்கத்தாவையும் வசந்தகால ஃபோன்டேன்ப்ளோ காட்டையும் ஒப்பிட்டார். கல்கத்தா வெக்கையில் அறைக்குள் சுருண்டு கிடக்கத் தோன்றும் அதே மனிதனுக்குக் காட்டுக்குள் போனால் ஓடவும் குதிக்கவும் தோன்றுகிறது. மாறியது மனிதன் இல்லை, சூழல். நிறுவனங்கள் தம் ஊழியருக்குக் கல்கத்தாக் கோடையை உருவாக்கிவிட்டு ஊழியரைக் குறை சொல்கின்றன என்பது அவர் வாதம். அவர் 2004இல் இறந்தபின் 2005இல் வெளிவந்த கட்டுரை இன்னும் கடுமையானது: ஊழியர் ஏமாற்றுவார், மேலாளர் சுயநலத்தால் மட்டுமே இயங்குவார் என்ற கோட்பாடுகளை ஆண்டுக்கணக்காகக் கற்பித்து, வணிகப் பள்ளிகள் மாணவரைத் தார்மீகப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டன என்றார். கோட்பாட்டைத் திருத்துவதில் அவர் மருந்தைத் தேடினார். அது தேவைதான். ஆனால் கோட்பாட்டைத் திருத்திய விரிவுரையைவிட, அது தன் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை என்று கை தூக்கிச் சொல்லும் சக மாணவர் வலுவானவர் என்றே ஹார்வர்டு பிரிவுகளின் ஆய்வுகள் நம்மை நினைக்க வைக்கின்றன.

உலகத்தின் ஏற்றத்தாழ்வை ஒரு பள்ளி சரிசெய்ய முடியாது என்பது கடைசி மறுப்பு. சரிசெய்யச் சொல்லவில்லை. தன் பாடம் வகுப்பின் கலவைதான் என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் பள்ளி, அந்தக் கலவையை எதைக் கொண்டு அளக்கிறது என்று கேட்பது வேறு. இன்று வகுப்பு விவரத்தில் முதலில் கண்ணில் படுவது நாடுகளின் எண்ணிக்கை, சராசரி ஜிமேட் மதிப்பெண், சராசரி வயது, பெண்களின் சதவீதம். பெற்றோரில் யாரும் கல்லூரி போகாத குடும்பத்திலிருந்து எத்தனை பேர், அரசுப் பள்ளியில் படித்தவர் எத்தனை பேர், பெருநிறுவனத்துக்கு வெளியே வேலை பார்த்து வந்தவர் எத்தனை பேர், அவர்களில் உதவித்தொகை பெற்றவர் எத்தனை பேர் என்ற வரிகளையும் அதே பக்கத்தில் அச்சிடுவதற்குப் பணம் செலவாகாது. அச்சிட்ட எண்ணைத் தரவரிசைப் பத்திரிகைகளும் விண்ணப்பதாரர்களும் கேட்கத் தொடங்கினால் சேர்க்கை அலுவலகம் அதைக் கவனிக்கத் தொடங்கும். நாடுகளின் எண்ணிக்கை அப்படித்தான் முக்கியமாயிற்று. கடனைத் திருப்பும் தவணையை, பட்டதாரி உண்மையில் வாங்கும் சம்பளத்தோடு இணைத்தால், கூட்டுறவு வங்கிக்கோ அரசு மருத்துவமனை நிர்வாகத்துக்கோ போக நினைப்பவர் ஆலோசனை நிறுவனத்தில் கட்டாயமாகச் சேரும் நிலை குறையும்.

இந்த வாதத்தில் தமிழ்நாட்டு வாசகருக்கு நேரடி அக்கறை ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து இப்பள்ளிகளுக்கு விண்ணப்பிப்போர் மிகப் பலர். எந்த நாடும் ஓங்கக்கூடாது என்ற விதியால் அவர்கள் நடைமுறையில் தம் நாட்டவரோடுதான் போட்டியிட வேண்டியிருக்கிறது. பொறியியல் படித்து மென்பொருள் நிறுவனத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்த இளைஞர்கள் ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்துக்காட்டவே திணறுகிறார்கள். பள்ளி நாட்டை மட்டும் எண்ணும்வரை அவர்களின் முன்னே இருக்கும் ஒரே வழி இன்னும் பத்து மதிப்பெண், இன்னும் பெரிய நிறுவனத்தின் பெயர், இன்னும் விலையுயர்ந்த விண்ணப்ப ஆலோசகர். பாதையையும் எண்ணத் தொடங்கினால், திருப்பூரில் ஏற்றுமதி ஆலையின் இரவு ஷிப்டை நடத்திய பெண்ணோ, சிவகாசியில் அச்சகக் கணக்கைக் கையாண்டவரோ, தன் தெருவில் முதல் பட்டதாரியாக வந்த பொறியாளரோ, இப்போது விண்ணப்பத்தில் மறைத்துச் சொல்லும் வாழ்க்கையை முன்வைத்தே இடம் கேட்கலாம். ஓராண்டுப் படிப்பு முறையை ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யும் சென்னையை அடுத்த கிரேட் லேக்ஸும் கைக்கொண்டு இரண்டு பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவற்றின் வகுப்புகளில் ஏறக்குறைய எல்லோரும் இந்தியர். பாஸ்போர்ட்டால் கலவை காட்டும் வசதி அவற்றுக்கு இல்லை. பாதையால் கலவை செய்வது எப்படி என்பதை அவை முதலில் செய்துகாட்ட எந்தத் தடையும் இல்லை.